நில அதிர்வுப் பட்டியலை வாசிப்பது எப்படி? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழிகாட்டி

ஒரு நாள் மத்தியானம், கடற்கரை ஊரான மணற்காட்டில் இருக்கும் என் மாமி போன் எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "தம்பி, அந்தமான் பக்கம் பூமி நடுங்கினதாம். வட்ஸ்அப்பில படம் வந்திருக்கு. பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வரவோ?"

படத்தை அனுப்பச் சொன்னேன். யாரோ ஒரு நில அதிர்வுப் பட்டியலைத் திரையில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். 4.9 என்று ஓர் எண், 10 கிலோமீற்றர் என்று ஓர் ஆழம், 21:10 என்று ஒரு நேரம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் "கரையோர மக்கள் உடனே வெளியேறவும்" என்று யாரோ சேர்த்திருந்தார்கள். அந்த 21:10 உலக நேரம். நம்முடைய மணிக்கூட்டில் அது அன்று விடிய 2.40. மாமியின் கைக்குப் படம் வந்தபோது அந்த அதிர்வு நடந்து பத்து மணித்தியாலம் ஆகிவிட்டது. அதோடு, 4.9 அளவுள்ள அதிர்வு வங்கக் கடலைத் தாண்டி நம் கரையில் அலை எழுப்பாது.

2004இல் மாமியின் வீட்டைக் கடல் கொண்டுபோனது. கடல் என்றால் அவர் நடுங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை வாசிக்கத் தெரிந்திருந்தால் அன்று அவருக்கு அரை நாள் நிம்மதி மிஞ்சியிருக்கும். அன்று மாமிக்குப் போனில் சொல்லிக் கொடுத்ததைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பட்டியல்?

இலங்கையில் நில அதிர்வைக் கவனிக்கும் பொறுப்பு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்துக்கு உரியது. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலை, தெற்கே ஹக்மன, மிகிந்தலைக்குப் பக்கத்தில் மகாகனதராவ, அம்பாறையில் புத்தங்கல ஆகிய இடங்களில் அதிர்வுமானிகள் இருக்கின்றன. வடக்கில் இருக்கும் நமக்கு இவற்றில் கிட்ட உள்ளது மகாகனதராவ.

இந்த உள்ளூர் வலையமைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2020ஐ நினைவுபடுத்துவேன். அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் திகன, பல்லேகலைப் பக்கத்து மக்கள் வீடு அதிர்ந்ததாகவும் சத்தம் கேட்டதாகவும் சொன்னார்கள். அளவு 2ஐ ஒட்டிய சின்ன அதிர்வுகள் அவை. உலகப் பட்டியல்கள் நம் பகுதியில் பெரும்பாலும் 4க்கு மேற்பட்டவற்றைத்தான் காட்டும், அதனால் இத்தகையவை அவற்றில் அகப்படாது. பக்கத்தில் கருவி இருந்தால்தான் பிடிபடும். ஆகவே "அமெரிக்கப் பட்டியலில் இல்லை, அப்படியென்றால் பொய்" என்று யாரும் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தூரத்து அதிர்வுகளுக்கு மூன்று பட்டியல்களை நான் பார்ப்பேன்: அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யூ.எஸ்.ஜி.எஸ்., ஜெர்மனியின் ஜியோஃபோன், இந்தியாவின் தேசிய நில அதிர்வு மையம். போனில் வைத்திருக்க ஏற்றது ஐரோப்பிய மத்தியதரைக்கடல் மையத்தின் 'லாஸ்ட்குவேக்' செயலி. இரண்டு இடத்தில் ஒரே அதிர்வு தெரிந்தால் அது நடந்ததுதான். ஒரு படம் மட்டும் வந்து எந்தப் பட்டியலிலும் அது இல்லையென்றால், அந்தப் படத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நேரத்தை மாற்றுங்கள்

மற்ற எதையும் பார்க்க முன்னர் இதைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து வீண் பதற்றத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பட்டியல்கள் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு 5 மணித்தியாலம் 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். நள்ளிரவைத் தாண்டினால் திகதியும் மாறும். 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் நடந்த 8.8 அதிர்வைப் பட்டியலில் தேடினால் 29ஆம் திகதி 23:24 என்று இருக்கும். நமக்கு அது 30ஆம் திகதி விடிய 4.54. சில செயலிகள் தாங்களாகவே உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அதில் மறுபடியும் ஐந்தரையைக் கூட்டிவிட்டால் இன்னும் நடக்காத அதிர்வு ஒன்று கிடைக்கும்! நேரத்துக்குப் பக்கத்தில் யூ.டி.சி. என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

பழைய அதிர்வுகளைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் உலக நேரத்தைவிட 6 மணித்தியாலம் முன்னால் இருந்தது. வன்னியில் மட்டும் பழைய ஐந்தரை மணித்தியாலக் கணக்கே புழங்கியது. 2004 டிசம்பர் 26 சுமாத்திரா அதிர்வு உலக நேரப்படி 00:58. யாழ் நகரத்து மணிக்கூட்டில் காலை 6.58, வன்னி மணிக்கூட்டில் 6.28. அந்த நாளைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் இருவர் சொல்லும் நேரம் அரை மணித்தியாலம் விலகினால், இருவருமே சரியாகச் சொல்லியிருக்கக்கூடும்.

தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

அடுத்தது இடம். பட்டியலில் ஊர்ப் பெயர் இருக்கும், ஆனால் அதை நம்பித் தூரத்தை மட்டுக்கட்ட முடியாது. "சுமாத்திராவுக்கு மேற்கே" என்பது ஆயிரம் கிலோமீற்றர் நீளக் கடல். அகலாங்கு, நெட்டாங்கு இரண்டையும் எடுங்கள். யாழ்ப்பாணம் வடக்கு 9.66, கிழக்கு 80.02. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர், நம் பகுதியில் நெட்டாங்கில் 110.

2004ஐயே எடுப்போம். அதன் மையம் வடக்கு 3.3, கிழக்கு 95.98. அகலாங்கு வித்தியாசம் 6.36 பாகை, அதாவது 706 கிலோமீற்றர். நெட்டாங்கு வித்தியாசம் 15.96 பாகை, 1,756 கிலோமீற்றர். பத்தாம் வகுப்பில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் வரும். நிலத்துக்குள் ஓடும் முதல் அலை, அதாவது பி அலை, இந்தத் தூரத்துக்குச் செக்கனுக்குச் சராசரி 8 கிலோமீற்றர் வேகத்தில் வரும். 1,900ஐ 8ஆல் பிரித்தால் 237 செக்கன். நான்கு நிமிடத்துக்குள் அந்தச் செய்தி நம் காலடிக்கு வந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை.

சரி, கடல் அலை? நாலாயிரம் மீற்றர் ஆழமான கடலில் ஆழிப்பேரலை மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் ஓடும். 1,900ஐ 700ஆல் பிரித்தால் இரண்டே முக்கால் மணித்தியாலம். ஆனால் அன்று நம் கிழக்குக் கரைகளில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்திலேயே கடல் ஏறிவிட்டது. கணக்கு எங்கே பிழைத்தது?

நான் பல வருடம் புரியாமல் இருந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வரைபடத்தில் காட்டும் புள்ளி, உடைப்பு தொடங்கிய இடம் மட்டும். துணி கிழிவதைப் பாருங்கள். ஓரத்தில் ஓரிடத்தில் தொடங்கி மறு ஓரம் வரை கிழிந்துகொண்டே போகும். 2004இல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் தொடங்கிய உடைப்பு நிக்கோபார், அந்தமான் வரை வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் கிழிந்துகொண்டு போனது. நிக்கோபார் நமக்கு நேர் கிழக்கே, ஏறத்தாழ 1,400 கிலோமீற்றரில். 1,400ஐ 700ஆல் பிரித்தால் இரண்டு மணித்தியாலம். நம் கரையை முதலில் அடித்தது அந்தப் பகுதியிலிருந்து வந்த அலை.

ஆகவே பெரிய அதிர்வு என்றால் புள்ளியிலிருந்து தூரத்தை அளந்து ஆறுதல் தேடாதீர்கள். 2025 மார்ச் 28இல் மியான்மாரில் நடந்த 7.7 அதிர்வின் புள்ளி மண்டலேக்குப் பக்கத்தில் இருந்தது. தெற்கே வெகுதூரத்தில் உள்ள நேபிடோவிலும் கட்டடங்கள் விழுந்தன, உடைப்பு அதுவரை போனதால். 5, 6 அளவுள்ளவற்றுக்குப் புள்ளியே போதும். 7.5ஐத் தாண்டினால் புள்ளியைக் கோடாக நினையுங்கள்.

அளவு என்பது ஏணிப்படி இல்லை

5க்கும் 7க்கும் வித்தியாசம் இரண்டு என்று மனது சொல்லும். அளவு ஒன்று கூடினால் கருவியில் பதியும் அலையின் வீச்சு 10 மடங்கு, வெளிவரும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு. இரண்டு கூடினால் சக்தி ஆயிரம் மடங்கு. 5 அளவை ஒரு மூட்டை அரிசி என்று வைத்தால் 7 அளவு ஆயிரம் மூட்டை. அதனால் பட்டியலில் 4.6, 4.8, 5.1 என்று வரிசையாக வந்தால் "கூடிக்கொண்டே போகிறது" என்று சொல்வது சரியாகாது. 2005 ஜனவரி கடைசியில் அந்தமான் கடலில் சில நாட்களுக்குள் 5க்கு மேற்பட்ட அதிர்வுகள் 150க்கு மேல் கொத்தாக வந்தன. அந்தக் கொத்து பிறகு தானாகவே அடங்கியது. பட்டியல் நடந்ததைத்தான் சொல்லும். நாளைக்கு எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லக்கூடியவர் உலகில் எவரும் இல்லை. அப்படிச் சொல்லும் செய்தி வந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

செய்தித்தாள்கள் இன்னமும் 'ரிக்டர்' என்று எழுதுகின்றன. பெரிய அதிர்வுகளுக்கு இப்போது பயன்படுவது உந்தத்திறன் அளவு, அதாவது எவ்வளவு பரப்பு உடைந்தது, எவ்வளவு தூரம் வழுக்கியது என்பதை வைத்துக் கணிப்பது. பழைய முறைகள் மிகப் பெரிய அதிர்வுகளைக் குறைத்துக் காட்டிவிடும். 2004 டிசம்பர் 26இலேயே அது நடந்தது. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் கணித்தது 8.0. ஒரு மணித்தியாலம் போன பிறகு 8.5 ஆக்கினார்கள். இன்று அதை 9.1 என்று எழுதுகிறோம். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையில் சக்தி நாற்பது மடங்குக்கு மேல்.

அதனால் முதல் பதினைந்து நிமிடத்தில் வரும் எண்ணைப் பென்சிலில் எழுதியதாக நினையுங்கள். பட்டியலில் 'தானியங்கி' என்று இருந்தால் கணினி மட்டும் பார்த்திருக்கிறது, 'சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தால் ஆளும் பார்த்தாயிற்று. ஒரு நிறுவனம் 6.0 என்றும் மற்றது 6.2 என்றும் சொன்னால் யாரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு நிலையங்கள், வேறு வேறு கணக்கு.

ஆழத்தைப் பற்றிச் சுருக்கமாக: 70 கிலோமீற்றருக்குள் இருந்தால் ஆழம் குறைந்த அதிர்வு, கூடுதலாகக் குலுக்கும். பட்டியலில் பல தடவை 10 என்று கண்டால் சந்தேகப்பட வேண்டாம். ஆழத்தைச் சரியாகக் கணிக்கத் தரவு போதாதபோது கணினி 10 என்று வைத்துக்கொள்ளும்.

கடலைப் பற்றி முடிவெடுப்பது யார்?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு முக்கியமான கேள்வி இதுதான். இலங்கை, இந்தியத் தட்டு என்ற மாபெரும் பாறைப் பலகையின் விளிம்பிலிருந்து வெகுதூரத்தில், உள்ளே இருக்கிறது. நிலம் குலுங்கி வீடு விழுவதைவிட, தூரத்தில் குலுங்கி இங்கே கடல் வருவதுதான் நாம் கண்ட ஆபத்து. தீவகற்பத்தில் ஏறி நிற்க மலையும் இல்லை.

கடலை அசைக்க, அதிர்வு கடலுக்கு அடியில் நடக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும், கடல் தரையை மேலே அல்லது கீழே தள்ள வேண்டும். கடைசி நிபந்தனையைப் பட்டியல் நேரடியாகச் சொல்லாது. 2012 ஏப்ரல் 11 பலருக்கு நினைவிருக்கும். பிற்பகல் 2.08க்கு 8.6, மாலை 4.13க்கு 8.2. மையம் நமக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர், 2004ஐவிடக் கிட்ட. ஆனால் தட்டு பக்கவாட்டில் வழுக்கியது, கடல் தரை மேலே எழவில்லை, பெரிய அலையும் வரவில்லை. அன்று கரையை விட்டு ஓடியவர்கள் வீணாக ஓடினார்கள் என்று சிலர் பிறகு சொன்னதைக் கேட்டேன். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. அதிர்வு நடந்த முதல் நிமிடங்களில், அது எந்தப் பக்கம் வழுக்கியது என்று யாருக்கும் தெரியாது. ஓடியதே சரி.

இந்து சமுத்திரத்தில் 6.5 அல்லது அதற்கு மேல் அதிர்வு நடந்தால் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்களும் அறிக்கை விடும். இந்தியாவுக்கு ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ். அவற்றை வைத்து இலங்கைக்கு முடிவு சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். அதை மக்களுக்குக் கொண்டுவருவது அனர்த்த முகாமைத்துவ நிலையம்; அதன் அவசர இலக்கம் 117. இன்காய்ஸ் "இந்தியாவுக்கு ஆபத்தில்லை" என்று சொன்னால் அது இந்தியக் கரைக்குச் சொன்னது. நமக்கு என்ன என்பதை 117இல் கேளுங்கள், அல்லது கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

நான் கைக்கொள்ளும் கணக்கு இது. 6.5க்குக் கீழே என்றால் வேலையைப் பார்ப்பேன். 6.5இலிருந்து 7.5க்குள், கடலுக்கு அடியில் என்றால் வானொலியைப் போட்டு, கரையில் இருப்பவர்களுக்குப் போன் எடுத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 7.5ஐத் தாண்டி அந்தமான்–சுமாத்திராப் பக்கம் என்றால், மணற்காடு, மருதங்கேணி, நாகர்கோவில், பருத்தித்துறைக் கரைகளில் இருப்பவர்களை அறிவித்தல் வருமுன்னரே புறப்பட ஆயத்தமாகச் சொல்வேன். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் எண்ணும் வேண்டாம், அறிவித்தலும் வேண்டாம். உள்ளே ஓடுங்கள். முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்பிப் போகவே கூடாது. அடுத்தடுத்த அலைகள் மணித்தியாலக் கணக்கில் வரும், முதலாவதைவிடப் பெரிதாகவும் வரும்.

வீடு அசைந்தால்

நம் பக்கத்தில் பெரும்பாலும் மெல்லிய அசைவுதான் உணரப்படும். தொங்கும் விளக்கு ஆடும், தண்ணீர்த் தாங்கி தளம்பும், கதிரையில் இருப்பவருக்குத் தலை சுற்றுவது போல இருக்கும். மேல்மாடியில் இருப்பவர் உணர்வார், முற்றத்தில் நடப்பவர் உணரமாட்டார். முதலில் மேசைக்குக் கீழே பதுங்கித் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். போரில் வெடித்த சுவரைப் பூசி மறைத்த வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. அப்படிப்பட்ட சுவர், பழைய ஓட்டுக் கூரையின் இறவாணம், மதில் ஆகியவற்றின் ஓரத்தில் நிற்காதீர்கள். அசைவு நின்ற பிறகு வெளியே வந்து, பிறகுதான் போனை எடுங்கள்.

கிணறு கலங்கியது, தண்ணீர் ஏறி இறங்கியது என்று சிலர் சொல்வார்கள். தூரத்துப் பெரிய அதிர்வின் அலை கடக்கும்போது கிணற்று நீர்மட்டம் அசைவது உண்மைதான். அதை வைத்து அடுத்த அதிர்வைச் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. யூ.எஸ்.ஜி.எஸ். தளத்திலும் லாஸ்ட்குவேக் செயலியிலும் "உணர்ந்தீர்களா?" என்று ஒரு படிவம் இருக்கும். அதை நிரப்புங்கள். எங்கே இருந்தீர்கள், எத்தனையாவது மாடி, என்ன ஆடியது என்று கேட்பார்கள். இரண்டு நிமிட வேலை. கருவி இல்லாத நம் ஊரில் மனிதர்தான் கருவி. பக்கத்து ஊரில் உணர்ந்து நீங்கள் உணரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் தரவுதான்.

மாமிக்கு நான் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குசினிக் கதவின் உட்பக்கத்தில், நாட்காட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்: "+5.30", "6.5", "7.5", "117". அவற்றுக்குக் கீழே கடைசி வரியாக, நடக்க எடுக்கும் நேரத்தை அவரே பேனாவால் சேர்த்தார். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணற்காட்டிலிருந்து குடத்தனைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்து பார்த்திருக்கிறார். சின்னவன் ஒருக்கால் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டி, மறுபடி போட்டுக்கொண்டு நடந்தானாம். அதையும் சேர்த்து 40 நிமிடம்.